கயிறு பிடித்தவன்

எட்டாம் மேடையில் ஒரு பசு இருந்தது. தூத்துக்குடிக் கரையிலிருந்து அரை நாள் படகுப் பயணம், கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நிற்கிற ஊர், அங்கே பசுவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அது கனவில் இருந்தது. பிற்பகல்தோறும் நாங்கள் எல்லோரும் கண்ணை மூடியதும் கடல் மெழுகிய தரை போல அடங்கிவிடும். அந்தச் செவலைப் பசு தண்ணீர் மேலே மெல்ல நடந்து வரும். காற்றாலை இறக்கைகளில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுவார்கள். என்னுடைய கிரேன் நாரை போலக் கழுத்தை வளைத்துத் தண்ணீர் குடிக்கும். அங்கே யாருக்கும் எந்த அவசரமும் இருக்காது. விழித்த பிறகு மெஸ்ஸில் டீ குடித்துக்கொண்டே "இன்னைக்கு மாடு மெலிஞ்சுபோச்சு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்பார்கள். அது யார் வீட்டுப் பசு, யாருடைய நினைப்பிலிருந்து இறங்கி வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

நான் மெற்றில்டா. மேடையில் கிரேன் ஓட்டுகிறேன். சுற்றிலும் கடலில் நிற்கிற காற்றாலைகளைப் பழுது பார்க்கிற குடும்பங்கள்தான் எங்கள் ஊர். விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். பிற்பகலில் எழும்புகிற காற்றில் கோபுரம் ஏறக்கூடாது என்பதால் உச்சிவெயிலில் சாப்பிட்டுவிட்டு ஊரே படுத்துவிடும். தொடக்கத்தில் படுத்தால் தூக்கம் வராது. சுழலும் இறக்கைகளின் ரீங்காரம் இரும்பு வழியாக ஏறிக் கட்டிலுக்கு வந்து பல்லுக்குள் புகுந்துகொள்ளும். தூங்காத ஆள் கோபுரம் ஏறினால் என்ன ஆகும் என்று கம்பெனிக்குப் பயம். அதனால் ஆளுக்கொரு துயில்வலை கொடுத்தார்கள். நூலாம்படை கனத்தில் ஒரு தொப்பி. எல்லோர் தலையையும் ஒரே தாளத்துக்கு இழுத்துத் தூங்கவைக்கும். தூக்கம் வந்தது. கூடவே, ஆடித் தள்ளுபடியில் புடவையோடு வருகிற ஜாக்கெட் துணி மாதிரி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கனவும் வந்தது.

பக்க விளைவுதான், தீங்கில்லை என்றார் கம்பெனி டாக்டர். தீங்கு எங்களுக்கும் தெரியவில்லை. பேச்சு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். முகம் வாடியிருக்கிற பெண்டாட்டியிடம் என்ன என்று புருஷன் கேட்பதில்லை. "அதான் பாத்தோம்லா" என்பது எங்கள் மேடையின் பழமொழி போல ஆகிவிட்டது.

ஆனால் சண்டை மட்டும் குறையவில்லை. துணி காயப்போடுகிற கம்பிக்காக இரண்டு குடும்பங்கள் மண்டையை உடைத்துக்கொண்டன. கரையில் என்றால் ஆகாதவர் முகத்தில் விழிக்காமல் வேறு தெரு வழியாகப் போய்விடலாம். இங்கே வேறு தெரு கிடையாது. மேலாளர் செண்பகராமன் என்னைக் கூப்பிட்டு, "ஊர்ச் சண்டை எல்லாத்துலயும் மூக்க நுழைக்கிறது நீதானே மெற்றில்டா. போய் முறையா நுழைக்கக் கத்துக்கிட்டு வா" என்று கரைக்கு அனுப்பினார்.

அங்கே வகிதா டீச்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். காயல்பட்டினத்துப் பெண், என் மகள் வயது. சண்டைக்காரர்களையும் ஊரையும் வட்டமாக உட்கார வைக்க வேண்டும். ஒரு பொருள் கைமாறி வரும். அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். என்ன நடந்தது, யாருக்கு வலித்தது, அவர்களுக்கு என்ன வேண்டும், அதைச் செய்ய வேண்டியது யார் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். என்ன தண்டனை என்கிற கேள்வியே அதில் இல்லை. எனக்கு முதலில் அது உப்பில்லாப் பத்தியச் சோறு போல இருந்தது. அரைகுறை நம்பிக்கையோடுதான் திரும்பி வந்தேன். கைமாற்றிப் பேச அவர்கள் தந்த அழகான மரக்கட்டை, படகிலிருந்து ஏறும்போதே கடலில் விழுந்துவிட்டது. பதிலுக்கு மெஸ்ஸிலிருந்து ஒரு சாம்பார் கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்" என்று மெஸ் மாடசாமி அண்ணாச்சி கேலி செய்தார்.

துணிக்கம்பிச் சண்டை சுலபமாகத் தீர்ந்தது. அடுத்து வந்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

அமலோற்பவம் புகார் கொடுத்திருந்தாள். நாங்கள் அமலி என்போம். அவள் புருஷன் ராயப்பன் இரண்டு வருடத்துக்கு முன் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தவர். இடுப்புக் கொக்கி முறிந்துவிட்டது என்று கம்பெனி விசாரணையில் ஒரு வரி எழுதி முடித்தார்கள். அமலிக்கு மேடையிலேயே பண்டசாலை வேலை கொடுத்தார்கள். புகார் கஸ்பார் மேல். கஸ்பார், ராயப்பனோடு ஜோடியாக வேலை பார்த்த பையன். இப்போது கல்யாண வயது.

"என்ன புகார்?" என்று மேலாளரிடம் கேட்டேன்.

"வலையக் கழத்திட்டானாம். ஒரு மாசமா பேட்டரி அறையில போய்த் தனியாத் தூங்குறான். அவன் போனதுலருந்து கனவுல அவ புருஷன் சரியா வரலன்னு அழுகுறா."

அது உண்மைதான், நானும் பார்த்திருந்தேன். எங்கள் பொதுக்கனவில் ராயப்பன் தினமும் வருவார். கோபுரத்தின் உச்சியில் குனிந்து வேலை செய்வார். பக்கத்தில் கஸ்பார் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். திடீரென்று கயிறு அவன் கைகளுக்குள் வழுக்கி ஓடும். ராயப்பன் விழுவார். கனவில் விழுவது என்பதால் ஒரு சத்தமும் இருக்காது. இலவம்பஞ்சு போல மெதுவாக இறங்கிக்கொண்டே இருப்பார், தண்ணீரைத் தொடவே மாட்டார். பசு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்.

கஸ்பார் கயிற்றை விட்டுவிட்டான் என்பது எங்களுக்கெல்லாம் அந்தக் கனவைப் பார்த்துத்தான் தெரியும். ஒருவரும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மெஸ்ஸில் அவனுக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக விழும். குரலைத் தாழ்த்திப் பேசுவோம். கயிறு பிடிக்கிற வேலையை மட்டும் அவனுக்குக் கொடுப்பதில்லை. மன்னித்துவிட்டோம் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அவன் வலையைக் கழற்றிய பிறகு கனவில் ராயப்பன் விழுவது நின்றுவிட்டது. வேலையும் செய்வதில்லை. கோபுரத்து உச்சியில் சும்மா நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். காற்று அவர் சட்டையை மட்டும் அசைக்கிறது.

"வலை இல்லாமத் தூங்குறவன் கோபுரம் ஏறக்கூடாதுன்னு விதி" என்றார் செண்பகராமன். "ஏறலன்னா இங்க அவனுக்கு வேலை இல்ல. சனிக்கிழமை படகு வருது. அதுக்குள்ள நீ பேசி அவன வலையப் போட வை. இல்லன்னா அவன் படகுல ஏறணும்."

கஸ்பாருக்குக் கரையில் யாரும் இல்லை. மேடையில் பிறந்து, மேடையில் அம்மாவை இழந்து, மேடையே வீடாக இருப்பவன். அவனைப் படகில் ஏற்றுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

முதலில் அமலியைப் பார்க்கப் போனேன். பண்டசாலையில் திருகாணிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"ஏளா அமலி, ஒனக்கு என்னதான் வேணும்?"

"அவன் திரும்ப வரணும்க்கா. வலையப் போடணும்."

"வந்தா மறுபடியும் ராயப்பன் விழுவாருலா? அதையா தெனமும் பாக்கணும்ங்க?"

"விழட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் ஆகியும் இவளுக்கு ஆறவில்லை, அந்தப் பையன் தினமும் கயிற்றை விட வேண்டும், விட்டதைத் தினமும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். "அது பாவம்ளா" என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். வட்டத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது பாடம்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குப் புரியாதுக்கா" என்று பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

பேட்டரி அறையில் கஸ்பார் பாய் விரித்துப் படுத்திருந்தான். அந்த அறையில் ரீங்காரம் இன்னும் அதிகம். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"தூங்குதியாலே?"

"கொஞ்சம் கொஞ்சமா வருதுக்கா. துண்டு துண்டா."

"என்னத்துக்கு இந்தப் பாடு? வலையப் போட்டுட்டுப் படு. அமலியும் சமாதானம் ஆவா, ஒனக்கு வேலையும் நெலைக்கும்."

"எனக்கு என் கனவு வேணும்க்கா. நல்லதோ கெட்டதோ. அதுல யாரும் இருக்கக்கூடாது."

"ராயப்பன் விழுந்தத நெனச்சா பயப்படுத?"

அவன் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ கேட்பேன் என்று காத்திருந்தது போல இருந்தது. நான் கேட்கவில்லை. அவன் மறுபடி படுத்துக்கொண்டு, "அதான் எல்லாரும் பாத்தாச்சே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் வகிதாவைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் குழம்பிப்போனாள்.

"இருங்கக்கா. அந்த வலை ஒருத்தரோட ஞாபகத்த எடுத்து மத்தவங்களுக்குக் காட்டுதா?"

"அப்படிச் சொல்ல முடியாது டீச்சர். எல்லாரும் ஆளுக்கு ஒரு செம்பு தண்ணி ஒரே தொட்டியில ஊத்துன மாதிரி. பெறவு எது யாரு தண்ணின்னு எப்படிச் சொல்ல?"

"ஆசை, பயம், ஞாபகம் எல்லாமே அதுலதான?"

"எல்லாமே அதுலதான். எங்க கனவுல ஒரு பசு கூட நடக்கும்."

"பசு தண்ணி மேல நடக்குறத நம்புறீங்களா?"

"அது எப்படி டீச்சர் நம்ப? கனவுதான அது."

"அப்போ கஸ்பார் கயித்த விட்டத மட்டும் ஏன் நம்புறீங்க?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்தப் பையன்கிட்ட என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டீங்களா? முதல் கேள்வியே அதுதானக்கா. நான் ஒங்களுக்கு என்னத்தச் சொல்லிக் கொடுத்தேன்?" கோபமாகவே கேட்டாள். சின்னப் பெண்ணிடம் திட்டு வாங்குவது ஒன்றும் இனிப்பாக இல்லை. ஆனால் திட்டு நியாயமாக இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். ராயப்பன் இறந்த அன்று கஸ்பாரை விசாரணைக்காக நேராகக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வருவதற்குள் அடக்கம் முடிந்து, நாங்கள் படுத்து எழுந்து, அந்தக் கனவைக் கண்டிருந்தோம். அவன் படகிலிருந்து இறங்கியபோது ஊரே அவன் தோளைத் தட்டிக்கொடுத்தது. ஒருவர் கூடக் கேட்கவில்லை. தட்டிக்கொடுத்தவர்களில் நானும் உண்டு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மெஸ்ஸில் வட்டம் கூட்டினேன். தூக்கத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்றதும் பலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். வெளியே காற்று ஏறிக்கொண்டிருந்தது. பழக்கப்பட்ட நேரம் என்பதால் எல்லோருக்கும் கண் செருகியது. ஜன்னல் வழியாக வந்த கடல் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. விழித்துக்கொண்டே கனவுக்குள் பாதி இறங்கிவிட்டது போல ஒரு மயக்கம். பசு கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தால் கூட ஒருவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அமலி ஒரு பக்கம், கஸ்பார் எதிர்ப்பக்கம். செண்பகராமன் கதவருகே. முதலில் அமலியிடம் கரண்டி போனது. "அவன் வலையப் போடணும்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நான் அதை வாங்கி நேராகக் கஸ்பார் கையில் கொடுத்தேன்.

"தம்பி, ரெண்டு வருசம் பிந்திக் கேக்கேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவன் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அங்க இல்ல" என்றான்.

மெஸ்ஸில் ஒரு முனகல் எழுந்தது. "என்னடே, நாங்க கண்ணால பாத்தோமே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். கரண்டி உங்கள் கையில் இல்லை என்று கையைக் காட்டி அடக்கினேன்.

"மேல நிக்கணும்னு விதி. நிக்கல. அன்னைக்குக் காலையில சாப்பிடாம ஏறிட்டேன். கை நடுங்கிச்சு. அண்ணன் பாத்துட்டு, போடே, கீழ போய் மொதல்ல தின்னுட்டு வான்னு வெரட்டுனாவ. கோபுரத்துக் கீழ உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தேன். அப்பந்தான் நடந்துச்சு. கயிறு யாரு கையிலயும் இல்ல. விசாரணையில இதத்தான் சொன்னேன். அவங்க எழுதிக்கிட்டாங்க. இங்க வந்தா எல்லாரும் பாவம் பாவம்னு தட்டிக்கொடுக்கிய. பெறவு படுத்தா கனவுல நான் கயித்தோட நிக்கேன்."

"சொல்லியிருக்கலாம்லா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கண்ணால பாத்தவங்ககிட்ட நான் அங்க இல்லன்னு சொன்னா யாரு நம்புவா? மொத மாசம் எனக்கு நல்லாத் தெரியும், நான் அங்க இல்லன்னு. பெறவு தெனமும் பாத்துப் பாத்து... முழிக்கும்போது உள்ளங்கை எரியும். போன மாசம் ஒரு நாள் எந்திச்சு, கையில கயிறு அறுத்த தழும்பு எங்கன்னு தேடுனேன். தழும்பக் காணலயேன்னு எனக்கு ஆச்சரியமா இருந்துச்சுக்கா. அன்னைக்குத்தான் பயந்துபோனேன். வலையக் கழத்திப் போட்டேன்."

மாடசாமி அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கூடுதல் மீன்துண்டு அவர் கை போட்டது. செய்யாத குற்றத்துக்கு ஊர் கூடி மன்னிப்பு வழங்கி, அதை அவன் தினமும் வாங்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம்.

"அப்போ அந்தக் கனவு எங்கருந்து வந்துச்சு?" செண்பகராமன் கரண்டி இல்லாமலே கேட்டார். அவரை அடக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லோருக்கும் அதே கேள்விதான்.

அமலி கையை நீட்டினாள். கஸ்பார் எழுந்து வந்து அவளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தான்.

"கயித்த அவன் கையில கொடுத்தது நான்தான்" என்றாள் அமலி. "அடக்கம் முடிஞ்சு வந்து வலையப் போட்டுப் படுத்தேன். அவிய மேல தனியா நிக்காவ. சுத்தி ஒரு ஆள் கெடயாது. ஒரே கடல். மாதாவே, யாராவது ஒரு ஆளு பக்கத்துல இருக்கட்டும்னு கேட்டேன். திரும்பிப் பாத்தா கஸ்பார் நிக்கான், கையில கயிறு. பெறவு தெனமும் நான்தான் அவன அங்க கொண்டு நிப்பாட்டுனேன். அவிய விழத்தான் செஞ்சாவ. ஆனா ஒரு ஆள் பாத்துக்கிட்டு இருக்கையில விழுந்தாவ. அது எனக்குப் போதும்னு இருந்துச்சு."

அவள் குரல் உடையவில்லை. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நீங்க எல்லாரும் அத நெசம்னு நெனச்சியன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாயத் தொறக்கல. இல்லன்னு சொன்னா அவிய மறுபடி தனியாயிருவாவ. இப்ப இவன் வேண்டாம்னு வலையக் கழத்துன பெறவு எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டேங்கான், பாக்கியளே, அந்த மாதிரி. என்னயத் திட்டணும்னா திட்டுங்க."

புகார் கொடுத்தவள் அவள். புகாருக்கு ஆளானவன் அவன். இப்போது இருவரின் நிலையும் மாறிவிட்டது. வகிதா சொல்லித் தந்த கேள்விகளில் அடுத்தது என்ன என்று தேடினேன். நல்லவேளை, அது உடனே நினைவுக்கு வந்தது.

"கஸ்பார், ஒனக்கு என்னலே வேணும்?"

அவன் அண்ணாந்து பார்த்தான். மேலே கூரையில் வெளிச்சம் நெளிந்துகொண்டே இருந்தது.

"எல்லாரும் என்கிட்டக் கேக்கணும்" என்றான்.

"என்ன கேக்கணும்?"

"என்ன நடந்துச்சுன்னு. ஒவ்வொருத்தரா. நான் ஒவ்வொருத்தருக்கும் சொல்லணும். இத்தன பேருக்குச் சொன்னா எனக்கே அது திரும்ப நெலைக்கும்."

இப்படி ஒரு பரிகாரம் எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனாலும் அப்படியே செய்தோம். கரண்டி கைமாறிச் சுற்ற ஆரம்பித்தது. கையில் வாங்கியவர் எழுந்து கஸ்பார் முன்னால் வந்து உட்கார்ந்து, "கஸ்பார், அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். அவன் சொன்னான். நான் அங்க இல்ல. கை நடுங்கிச்சு. அண்ணன் வெரட்டுனாவ. கீழ தின்னுக்கிட்டு இருந்தேன். முதல் சிலரிடம் சொல்லும்போது குரல் தடுமாறியது. நீ மேலே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆறுதல் சொல்லப் பார்த்தவர்களை நான் விடவில்லை. கேட்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றேன். மாடசாமி அண்ணாச்சி கேட்டு முடித்ததும் அவன் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். செண்பகராமன் வந்து உட்கார்ந்து கேட்டபோது, மேலே நிற்காதது விதிமீறல் என்பது அவருக்கும் எங்களுக்கும் தெரியும். அவர் குரலில் மேலாளர் இல்லை. கேட்டுவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, கதவருகே போய் உட்கார்ந்தார். திரும்பத் திரும்பக் கேட்டதில் மெஸ்ஸில் ஒரு தாலாட்டின் சாயல் வந்துவிட்டது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். யாரும் தூங்கவில்லை. நானும் என் முறை வந்தபோது கேட்டேன். அவன் எனக்குச் சொல்லும்போது குரல் தெளிந்துவிட்டிருந்தது.

கடைசியாக அமலி. அவள் ஏற்கெனவே அவன் பக்கத்தில்தான் இருந்தாள். கரண்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ராயப்பன் தனியாகிவிடுவார் என்கிற அந்தப் பயம்தான் என்று எங்களுக்குப் புரிந்தது. பிறகு கேட்டாள்.

"என்ன நடந்துச்சு கஸ்பாரு?"

"மயினி, உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடச் சொல்லணும். அத மத்தவங்ககிட்டச் சொல்லல. அது அண்ணன் உங்களுக்குன்னு சொல்லிவிட்டது."

அமலி நிமிர்ந்தாள்.

"நான் கீழ தின்னது நீங்க கொடுத்துவிட்ட சோறு. தேங்காச் சோறும் கருவாட்டுத் துவையலும். வாக்கிடாக்கிய அணைக்கல. அண்ணன் மேல வேல பாத்துக்கிட்டே, துவையல் எப்படிடேன்னு கேட்டாவ. நல்லாருக்குன்னேன். சிரிச்சாவ. உப்பு கூடிப்போச்சுன்னு காலையிலயே அவ மொகத்தத் தூக்கி வச்சிருந்தா, நல்லாருக்குன்னு நீ போய் ஒரு வார்த்த சொல்லிருன்னாவ. சொல்லுதேண்ணே அப்படின்னேன். பெறவு என்னவோ மெட்டு, வார்த்த இல்லாம முனங்கிக்கிட்டே முடுக்கிக்கிட்டு இருந்தாவ. நான் அத கேட்டுக்கிட்டே தின்னேன். அது பாதியில நின்னுச்சு. அவ்வளவுதான் மயினி."

"அது வரைக்கும் ஒனக்குக் கேட்டுக்கிட்டா இருந்துச்சு?"

"கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு நிமிசம் கூட விடல."

அமலி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று கனவில் அவள் கட்டிவைத்த துணை, நிஜத்தில் அவருக்கு இருந்திருக்கிறது. அவள் சமைத்த சோற்றைத் தின்றுகொண்டு, அவர் முனகலைக் கேட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படகிலிருந்து இறங்கிய அன்றே அவள் கைக்கு வந்திருக்கும்.

"சொல்லத்தான் வந்தேன் மயினி" என்றான் கஸ்பார். "அன்னைக்கே வந்தேன். யாரும் கேக்கல."

வெளியே காற்று இறங்கத் தொடங்கியிருந்தது. சாயங்கால வேலைக்கு மணி அடிக்க வேண்டிய செண்பகராமன் அசையாமல் இருந்தார், நாளைக்கு வருகிற படகின் பேச்சையும் எடுக்கவில்லை.

அமலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு கூடித்தான இருந்துச்சு?"

"ரொம்பக் கூடிப்போச்சு மயினி. நல்லாருக்குன்னு அவியகிட்டப் பொய்தான் சொன்னேன்."

இரண்டு வருடத்தில் அமலி சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அழுகையும் அதிலேயே இருந்தது. சுற்று முடிந்துவிட்டது என்று நான் கரண்டிக்குக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு கஸ்பார் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கச் சொல்லுடே" என்றாள்.